கை நடுங்குகிறது, குரல் தேய்கிறது: பிரசன்டேஷன் மேடைக்கு வாசகர் கேள்வி – பதில்

பலர் முன்னால் நின்று பிரசன்டேஷன் கொடுப்பதில் உங்களுக்கு எது சிக்கல் என்று கேட்டிருந்தோம். ஒரே சாயலில் வந்த கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கி, மேடைப் பேச்சுக்கும் குரலுக்கும் பயிற்சி தரும் எங்கள் குழு இங்கே பதில் சொல்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பேச எழுந்தாலே அறை அமைதியாகிவிடுகிறது. அவர் உரக்கப் பேசுபவரும் இல்லை, பெரிய பதவியில் இருப்பவரும் இல்லை. இந்த ‘ஸ்டேஜ் பிரசென்ஸ்’ பிறவியிலேயே வருவதா?
– திட்ட மேலாளர் ஒருவர்

இல்லை. அடுத்த முறை அவர் பேச எழும்போது என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு, முதல் பத்து விநாடி உடலை மட்டும் பாருங்கள். நடந்து வருவார். நிற்பார். கையில் இருப்பதை மேசைமேல் வைப்பார். யாரோ ஒருவரை நிமிர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

நம்மில் பெரும்பாலானோர் இதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். நடந்துகொண்டே வணக்கம் சொல்கிறோம். மைக்கைத் திருகிக்கொண்டே பெயரைச் சொல்கிறோம். தலைப்பைச் சொல்லும்போது கண் மடிக்கணினிப் பக்கம் ஸ்லைடு மாற்றும் கிளிக்கரைத் தேடுகிறது. எந்தச் செயலும் முடியவில்லை. எல்லாமே பாதியில் நிற்கின்றன. பார்க்கிறவர் மனதில் அது பதற்றமாகப் பதிகிறது. நடையை முடித்துவிட்டு நிற்பது, பார்வையை முடித்துவிட்டுத் திரும்புவது, வாக்கியத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்குவது: நீங்கள் அவரிடம் பார்ப்பதில் முக்கால்வாசி இதுதான். கீழே வரும் பல பதில்களும் இதைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

தொடக்கத்துக்கு இந்த வரிசையைப் பழகுங்கள். பேசப் போகும் இடத்துக்கு நடந்து வாருங்கள். இரண்டு பாதங்களும் இடுப்பகல இடைவெளியில் தரையில் பதியட்டும். தாள், தண்ணீர், கிளிக்கர் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போகட்டும். அறையின் பின்பாதியில் ஒரு முகத்தைப் பாருங்கள். மூச்சை வெளியே விட்டு, உள்ளே வாங்கி, பிறகு பேசுங்கள். நின்ற கணத்திலிருந்து மொத்தம் நான்கைந்து விநாடிதான். உங்களுக்கு அது அரை நிமிடம்போல் நீளும். கேட்பவர்களுக்கு அது அவர்கள் பேச்சை நிறுத்தி நிமிரத் தேவையான நேரம். “மைக் கேக்குதா?” என்ற கேள்வியை மட்டும் முதல் வாக்கியமாக்காதீர்கள். அந்தச் சோதனை அறை காலியாக இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

பேச ஆரம்பித்ததும் கை நடுங்குகிறது, இதயம் காதுக்குள் அடிக்கிறது. எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற நினைப்பே இன்னும் நடுங்க வைக்கிறது.
– முதுகலை மாணவி ஒருவர்

உங்களுக்குள் நடப்பது அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் இதயத்துடிப்பு கூடும், தசைகள் இறுகும், எச்சில் குறைந்து வாய் உலரும். பெரும்பாலானவர்களுக்கு இது உச்சத்தில் இருப்பது பேச்சுக்குச் சற்று முன்னும் முதல் ஓரிரு நிமிடங்களிலும்தான்; பிறகு தானே தணியத் தொடங்கும். அதனால் அந்த இரண்டு நிமிடங்களைக் கடக்க ஏற்பாடு செய்துகொண்டால் போதும். முழு உரைக்கும் பயப்பட வேண்டியதில்லை.

எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்கிறீர்களே, அது அவ்வளவு தெரிவதில்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிந்ததாக நினைத்த அளவு, பார்த்தவர்கள் உண்மையில் கண்ட அளவைவிட அதிகமாக இருந்தது. இந்த உண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி மேடையேற்றியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். எனவே இந்தப் பத்தியைப் படித்ததே உங்களுக்குப் பாதி மருந்து.

மீதிப் பாதி கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஒற்றை ஏ4 தாள், விரலில் உள்ள மெல்லிய நடுக்கத்தை விசிறிபோல் ஆட்டிக் காட்டும். லேசர் பாயின்டர் அதைவிட மோசம்: திரையிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்றால், மணிக்கட்டு ஒரே ஒரு டிகிரி அசைந்தாலும் திரையில் சிவப்புப் புள்ளி கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் துள்ளும். தாளுக்குப் பதில் உள்ளங்கை அளவுள்ள தடித்த அட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்லைடுகளில் லேசரைத் தொடவே வேண்டாம்.

மேடைக்குப் போவதற்கு இரண்டு நிமிடம் முன்பு, நான்கு எண்ணும் வரை மூச்சை வாங்கி, ஆறு அல்லது எட்டு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள், ஏழெட்டு முறை. வெளிமூச்சு நீளும்போதுதான் துடிப்பு இறங்கும். ‘ஆழமா மூச்சு இழு’ என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு வேகமாக இழுத்துக்கொண்டே இருந்தால் தலை கிறுகிறுக்கும். முழங்காலை விறைத்துப் பூட்டி நிற்காதீர்கள். காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வர அது ஒரு காரணம். துளி மடக்கி வைத்தால் போதும்.

‘நான் பதறவில்லை’ என்று மனதை அடக்கப் பார்க்காதீர்கள். துடிக்கிற இதயத்தை அமைதியாக இருப்பதாக நம்ப வைப்பது கடினம். ‘எனக்கு ஆர்வமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்கள் உரையில் மேலாகச் செய்தார்கள் என்று அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆர்வத்துக்கும் பயத்துக்கும் உடலில் ஒரே துடிப்புதான். பெயரை மாற்றுவது எளிது.

நடுக்கத்துக்கு மாத்திரை போடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். புரொப்ரனலால் போன்ற மருந்துகளைச் சிலர் பயன்படுத்துவது உண்மை. ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் ஒத்துவராது. மருத்துவர் சொல்லாமல், நண்பர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள்.

சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மற்றதெல்லாம் குரலும் உடல்மொழியும்தான் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் உள்ளடக்கத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?
– விற்பனைப் பிரிவு அலுவலர்

மெனக்கெடுங்கள், அந்த எண்ணை மறந்துவிடுங்கள். சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55 என்ற கணக்கு ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அவரே விளக்கியிருக்கிறார். உங்கள் விற்பனை அறிக்கையில் 93 சதவீதம் முகபாவம் என்றால் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

நான் குள்ளம், பார்க்கச் சின்னப் பெண்போல் இருப்பேன். மேடையேறும் முன் இரண்டு நிமிடம் இடுப்பில் கைவைத்து விறைப்பாக நின்றால் தன்னம்பிக்கை ஹார்மோன் கூடும் என்கிறார்களே?
– மருத்துவப் பிரதிநிதி

அந்த ஹார்மோன் கதை நிற்கவில்லை. 2010இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு அப்படிச் சொன்னது. 2015இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோனில் மாற்றமே காணவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னியே 2016இல் அந்த விளைவை இனி நம்பவில்லை என்று அறிவித்தார். அப்படி நிற்பது மனதுக்குத் தெம்பாக இருக்கிறது என்றால் நில்லுங்கள், தீங்கில்லை.

உங்களுக்கு உண்மையான எதிரி போடியம். நெஞ்சளவு மரப்பெட்டிக்குப் பின்னால் தலை மட்டும் தெரிந்தால் யாராயிருந்தாலும் சின்னவராகத்தான் தெரிவார்கள். காலர் மைக்கோ கையில் பிடிக்கும் மைக்கோ கேட்டு வாங்கிக்கொண்டு போடியத்துக்கு முன்னால் வந்து நில்லுங்கள். அது முடியாத இடத்தில் காலுக்கடியில் ஒரு பலகை போடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், ஏற்பாட்டாளர்களுக்கு இது பழகிய வேண்டுகோள்.

கைகளை என்ன செய்வது?
– பலர்

பேசாதபோது தொப்புளுக்குச் சற்று மேலே, ஒரு கை மற்றொன்றின்மேல் தளர்வாக. அதுதான் வீடு. சொல்லுக்குத் தேவைப்படும்போது அங்கிருந்து கிளம்பி, வேலை முடிந்ததும் அங்கேயே திரும்ப வேண்டும். சட்டைப் பையில் திணித்த கைக்கும் முதுகுக்குப் பின்னால் கோத்த கைக்கும் கிளம்பி வர நேரமாகும், அதனால் அவை கிளம்பாமலே இருந்துவிடும்.

சைகை எப்போதும் சொல்லுக்கு ஒரு இமைப்பொழுது முன்னால் வரும், அல்லது கூடவே வரும். ‘மூன்று காரணங்கள்’ என்று சொல்லி முடித்த பிறகு மூன்று விரல் எழுந்தால், மனப்பாடம் செய்த நடிப்பாகத் தெரியும். இருபது பேர் உள்ள அறைக்கு முழங்கையிலிருந்து அசைத்தால் போதும். இருநூறு பேர் உள்ள அரங்கில் கை தோளிலிருந்து எழ வேண்டும், இல்லாவிட்டால் பின்வரிசைக்கு விரல் துடிப்பதுபோல்தான் தெரியும். எழுப்பிய கையைச் சட்டென்று கீழே விடாமல், வாக்கியம் முடியும் வரை அங்கேயே நிறுத்திப் பாருங்கள். சொன்னதற்கு எடை கூடும்.

காலவரிசை காட்டும்போது ஒரு நுணுக்கம்: தமிழ் இடமிருந்து வலமாகப் படிக்கும் மொழி, கேட்பவரின் இடதுபக்கம்தான் ‘முன்பு’, வலதுபக்கம் ‘இனி’. அவர்கள் உங்களுக்கு எதிரே இருப்பதால் நீங்கள் உங்கள் வலக்கைப் பக்கத்திலிருந்து இடக்கைப் பக்கமாகக் காட்ட வேண்டும். பழகாவிட்டால் எல்லோருமே தலைகீழாகத்தான் செய்வோம்.

நான் உரக்கத்தான் பேசுகிறேன். ஆனாலும் “கடைசியில என்ன சொன்னீங்க?” என்று கேட்கிறார்கள்.
– தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்

“கடைசியில” என்று அவர்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. தமிழில் பேசுபவர்கள் எல்லோரும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய கேள்வி இது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “போன மாதம் நாம் அனுப்பிய மாதிரிக்கு வாடிக்கையாளரிடமிருந்து இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.” கிடைத்ததா, கிடைக்கவில்லையா? அது கடைசிச் சொல்லின் வாலில் இருக்கிறது. தமிழ் அப்படித்தான்: வினை கடைசியில், மறுப்பும் கடைசியில். நம் மூச்சு தீர்வதும் சரியாக அதே இடத்தில். நெஞ்சில் காற்று குறையும்போது குரல்வளைக்குக் கீழ் அழுத்தம் இறங்கும், குரல் கரகரத்து உள்ளே போகும். போதாக்குறைக்கு, வாக்கியம் முடியப் போகிறது என்று நினைத்த மாத்திரத்தில் நம் கண் அடுத்த ஸ்லைடுக்குத் தாவுகிறது, தலை திரையை நோக்கித் திரும்புகிறது. “ஒப்புதல் கிடை…” என்பதோடு செய்தி அறுந்துபோகிறது. முன்வரிசை ஊகித்துக்கொள்ளும். பின்வரிசை தவறாகவே புரிந்துகொண்டு வீட்டுக்குப் போகும்.

வாக்கிய முடிவில் சுருதி இறங்குவது இயல்பு, அது இறங்கட்டும். வலு இறங்கக் கூடாது. இதற்குப் பின்னாலிருந்து கட்டும் பயிற்சி மிக நன்றாக வேலை செய்கிறது. உரையில் முக்கியமான ஐந்து வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கடைசிச் சொல்லை மட்டும் அரங்கத்துக்குக் கேட்கும் வலுவில் சொல்லுங்கள்: “கிடைக்கவில்லை.” பிறகு: “இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.” பிறகு: “வாடிக்கையாளரிடமிருந்து இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.” இப்படி முன்னோக்கி நீட்டிக்கொண்டே போய் முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் முடிவு அதே வலுவில் இருக்க வேண்டும். ஒரே மூச்சில் முடியவில்லை என்றால் வாக்கியம் நீளம். மூச்சைக் குறை சொல்லாமல் வாக்கியத்தை வெட்டுங்கள்.

வெட்டும் இடம் பெரும்பாலும் வினையெச்சங்களில் இருக்கும். “தரவைச் சேகரித்து, பிழைகளை நீக்கி, பிரிவுவாரியாகப் பிரித்து, ஒப்பிட்டுப் பார்த்து, முடிவுக்கு வந்தோம்” என்று எழுத்தில் எழுதலாம். காதால் கேட்பவருக்கு வினைமுற்று வரும் வரை எதுவும் கைக்கு வராது. எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும். மேடைப் பேச்சில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு எச்சத்துக்குமேல் வேண்டாம். “தரவைச் சேகரித்துப் பிழைகளை நீக்கினோம். பிரிவுவாரியாக ஒப்பிட்டோம். கிடைத்த முடிவு இது.”

சோதித்துப் பார்க்க, செல்பேசியை வாயருகே வைக்காமல் நான்கு மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது வினைச்சொற்களை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். எழுத முடியாத இடமெல்லாம் நீங்கள் விழுங்கிய இடம்.

தொண்டையைக் கனைத்துச் சரிசெய்யும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். கனைக்கும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி எரிச்சலாகி, மறுபடி கனைக்கத் தோன்றும். ஒரு வாய் தண்ணீர், அல்லது வெறுமனே ஒருமுறை விழுங்குவது போதும். காலையில் முதல் பேச்சு என்றால், வாயை மூடி ‘ம்’ என்று மெல்ல ரீங்கரித்தபடி கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் ஐந்து நிமிடம் குரலைப் பழக்கிவிட்டுப் போங்கள்.

மைக் விஷயத்தில் எப்போதும் சொதப்பல். ஒன்று இரைகிறது, இல்லை கேட்பதே இல்லை.
– கல்லூரி விரிவுரையாளர்

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால், மைக்கை எட்டும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். கையில் பிடிக்கும் மைக்கில் 4 சென்டிமீட்டர் 8 ஆவது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்; சைகை காட்டும் கையில் மைக் இருந்தால் ஒலி ஏறி இறங்குவது இதனால்தான். மைக் பிடித்த கையின் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மைக்கை முகவாய்க்கருகே சாய்வாக, வாயிலிருந்து மூன்று நான்கு விரல் தூரத்தில் பிடியுங்கள். நேராக வாய்முன் பிடித்தால் ‘ப’கரம் ஒவ்வொன்றும் குண்டு வெடிப்பதுபோல் கேட்கும். வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். திசை பார்த்து ஒலி வாங்கும் திறன் கெட்டு, ஊளைச் சத்தம் கூடும்.

காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் குத்துங்கள். துப்பட்டாவோ சங்கிலியோ அடையாள அட்டைக் கயிறோ உரசினால் அரங்கம் முழுவதும் கரகரக்கும். காலருக்கு ஓரமாகக் குத்திவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பிப் பேசினால் பாதிச் சொல் காணாமல் போகும். பேசி முடித்து இறங்கியதும் முதல் வேலை, இடுப்பில் உள்ள பெட்டியை அணைப்பது.

போடியத்தில் வளைந்து நிற்கும் மைக்குக்கு ஒரு சாண் இடைவெளி சரி. கை மைக்கிலோ காலர் மைக்கிலோ ஊளை வந்தால், பெரும்பாலும் நீங்கள் ஸ்பீக்கருக்கு முன்னால் போய்விட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்னால் வாருங்கள். சோதிக்கும்போது தட்டாதீர்கள், ஊதாதீர்கள். உங்கள் முதல் இரண்டு வாக்கியங்களை உண்மையான வலுவில் பேசிக் காட்டுங்கள். ‘ஹலோ ஹலோ’வுக்கு வைத்த அளவு உங்கள் பேச்சுக்குப் பொருந்தாது.

இருநூறு பேரில் யாரைப் பார்ப்பது? எல்லோரையும் பார்க்கச் சொல்கிறார்கள். நான் பார்த்தால் மின்விசிறி சுற்றுவதுபோல் இருக்கிறதாம்.
– வங்கி அலுவலர்

எல்லோரையும் பார்க்க வேண்டாம், ஒருவரைப் பாருங்கள். ஒரு கருத்து முடியும் வரை, அதாவது மூன்று முதல் ஐந்து விநாடி, அவரிடமே பேசுங்கள். வாக்கியம் முடிந்த பிறகு கண்ணை எடுத்து, வேறு மூலையில் இன்னொருவருக்கு அடுத்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். தொலைவில் உள்ள ஒருவரைப் பார்க்கும்போது அவரைச் சுற்றியிருக்கும் பத்துப் பேரும் தங்களைப் பார்ப்பதாகவே உணர்வார்கள். அரங்கத்தை இடது, நடு, வலது என்றும் முன், பின் என்றும் ஆறாகப் பிரித்துக்கொண்டால் எந்த மூலையும் விட்டுப்போகாது. பெரும்பாலோர் கைவிடுவது முன்வரிசையின் இரண்டு ஓரங்களை.

நெற்றியைப் பார், தலைக்கு மேலே சுவரைப் பார் என்ற அறிவுரை சிறிய அறையில் எடுபடாது, கண்டுபிடித்துவிடுவார்கள். மேடை விளக்கு கண்ணைக் கூசி யாரும் தெரியவில்லை என்றால் மட்டும், ஆள் இருக்கும் இடத்தை நினைவில் வைத்து அந்த இருட்டைப் பாருங்கள். முகம் சுளித்து உட்கார்ந்திருப்பவரிடம் போய்த் திரும்பத் திரும்ப மன்றாடுவது இன்னொரு தவறு. கவனமாகக் கேட்பவர்கள் பலரின் முகம் அப்படித்தான் இருக்கும்.

“வந்து… பாத்தீங்கன்னா…” என்பது வாக்கியத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. நிறுத்த முயன்றால் பேச்சே நின்றுவிடுகிறது.
– மென்பொருள் சோதனையாளர்

பேச்சு நிற்கட்டும், அதுதான் வேண்டும். ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆக்சுவலா’, ‘சோ’, ‘ஓகேவா’ எல்லாம் அடுத்த வாக்கியத்தைத் தேடும்போது மௌனத்தை அடைக்க நாம் போடும் அடைப்பு. அவை கிட்டத்தட்ட எப்போதும் வாக்கியத்தின் வாசலில்தான் நிற்கும். எனவே சொல்லைத் தடுக்கப் பார்க்காமல் வாயை மூடுங்கள்: வினைமுற்றைச் சொன்னதும் உதடுகள் ஒட்ட வேண்டும், மூக்கால் மூச்சு வாங்க வேண்டும். மூடிய வாயிலிருந்து ‘வந்து’ வராது. பிறகு அடுத்த வாக்கியம்.

ஒரு நிமிடப் பேச்சைப் பதிவு செய்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். முதல் நாள் எண்ணிக்கை வருத்தம் தரும். தினம் ஒரு நிமிடம் புதிய தலைப்பில் பேசி, எண்ணி, தாளில் குறித்துவாருங்கள். ஒன்றுகூட வராத பேச்சு இலக்கு அல்ல. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் யார் காதையும் உறுத்தாது.

எழுத்துத் தமிழில் பேசுவதா, பேச்சுத் தமிழிலா? உரையை மனப்பாடம் செய்யலாமா?
– அரசுப் பள்ளி ஆசிரியை

விழா மேடை என்றால் எழுத்துத் தமிழ், வேலை சார்ந்த பிரசன்டேஷன் என்றால் தெளிவான பேச்சுத் தமிழ். எதுவானாலும் ஒன்றில் நில்லுங்கள். “செய்திருக்கிறோம்” என்று தொடங்கி மூன்றாவது நிமிடம் “பண்ணிருக்கோம்” என்று சரிந்தால், எழுதி வைத்தது தீர்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதல் நான்கைந்து வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் உள்ளதை வேண்டாம். முழுவதும் ஒப்பித்தால் ஒரு சொல் தவறும்போது சங்கிலியே அறுந்துவிடும். நடுப்பகுதிக்கு அட்டை: ஓர் அட்டைக்கு ஒரு கருத்து, அதற்கு ஐந்து சொல்லுக்குமேல் இல்லாத குறிப்பு, பெரிய எழுத்து, வலது மூலையில் எண், ஓர் ஓரத்தில் துளையிட்டு வளையம். வளையம் இல்லாத அட்டைகள் கீழே விழுந்தால் எண் இருந்தும் பயனில்லை, மேடையில் குனிந்து பொறுக்கி அடுக்க யாருக்கும் நிதானம் இருக்காது.

நடுவில் மறந்துபோனால்?
– பலர்

கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மெதுவாக, வேறு சொற்களில், இன்னொருமுறை சொல்லுங்கள். அழுத்திச் சொல்வதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு நூல் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் அட்டையைப் பாருங்கள். பார்க்கும்போது பேசாமல் பாருங்கள், கண்டபின் நிமிர்ந்து பேசுங்கள். மன்னிப்புக் கேட்டுக் காரணம் சொல்ல ஆரம்பிப்பதுதான் மறதியைப் பெரிதாக்குகிறது. எதை விட்டீர்கள் என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

நான் பேசும்போது எல்லோரும் திரையையே பார்க்கிறார்கள்.
– நகரத் திட்ட ஆலோசகர்

திரையில் புதிதாக எழுத்து வந்தால் கண் அங்கேதான் போகும், அவர்கள்மேல் தவறில்லை. படிக்கவும் கேட்கவும் ஒரே நேரத்தில் முடியாது. புது ஸ்லைடு வந்ததும் இரண்டு மூன்று விநாடி பேசாமல் இருங்கள், பார்த்து முடிக்கட்டும். உங்களை மட்டும் பார்க்க வேண்டிய இடத்தில் பவர்பாயின்ட்டில் விசைப்பலகையின் ‘B’ எழுத்தை அழுத்துங்கள், திரை கறுத்துவிடும். மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் உங்கள் பக்கம் திரும்புவதைப் பார்ப்பீர்கள். குறிப்பிட்ட ஸ்லைடுக்குப் போக அதன் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் போதும். இருபது ஸ்லைடுகளைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டத் தேவையில்லை.

நிற்கும் இடம், கேட்பவர் பார்வையில் திரைக்கு இடப்பக்கம் நல்லது. படிக்கத் தொடங்கும் பக்கம் அது. உங்களிடமிருந்து கிளம்பிய கண் எழுத்துக்கும், முடிந்ததும் உங்களுக்கும் எளிதாகத் திரும்பும். நடக்க ஆசை இருந்தால் கருத்து மாறும் இடத்தில் மூன்றடி நடந்து, நின்று, பிறகு பேசுங்கள். கூண்டுக்குள் உலாவுவதுபோல் ஓயாமல் நடப்பது, நின்ற இடத்தில் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு ஆடுவது இரண்டுமே கண்ணைக் களைக்க வைக்கும்.

ஆன்லைன் கூட்டத்தில் இதெல்லாம் பொருந்துமா?
– வீட்டிலிருந்து பணிபுரிபவர்

பாதி பொருந்தும். கேமரா கண்மட்டத்துக்கு வரும்வரை மடிக்கணினியைப் புத்தகங்கள்மேல் ஏற்றுங்கள். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். மற்றவர்கள் முகம் தெரியும் பெட்டியைச் சிறிதாக்கி கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வையுங்கள். அப்போது அவர்களைப் பார்ப்பதும் கேமராவைப் பார்ப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். முடிந்தால் நின்று பேசுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும்.

அடுத்த வாரம் இருபது நிமிட பிரசன்டேஷன். இனி என்ன செய்யலாம்?
– ஆராய்ச்சி மாணவர்

ஏழு நாள் தாராளம். முதல் இரண்டு நாளில் உள்ளடக்கத்தை முடித்துப் பதினேழு நிமிடத்துக்குச் சுருக்குங்கள்; மேடையில் எப்படியும் நீளும். மூன்றாம் நாள் நின்றுகொண்டு, வாய்விட்டு, கிளிக்கரோடு முழுவதும் பேசுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகையில் சேராது, மனதுக்குள் யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை.

நான்காம் நாள் செல்பேசியில் வீடியோ எடுங்கள். முதலில் ஒலியை அணைத்துப் பாருங்கள்: கை, கால், ஆட்டம் தெரியும். அடுத்து திரையைக் கவிழ்த்துவைத்துக் கேட்டால் ‘வந்து’வும் விழுங்கிய வினைச்சொற்களும் அகப்படும். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குறைகளை எல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டு மலைக்க வேண்டாம். உறுத்துவதில் ஒன்றே ஒன்றை எடுத்து ஐந்தாம் நாள் அதை மட்டும் திருத்துங்கள். ஆறாம் நாள் இரண்டு பேரை எதிரே உட்காரவைத்துப் பேசி, நடுவில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேள்வி வந்ததும் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்கும் பழக்கம் அங்கேயே வரட்டும். பின்வரிசைக்குக் கேள்வி கேட்கும், உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். பதிலின் முதல் வாக்கியம் கேட்டவருக்கு, மீதி அரங்கத்துக்கு. தெரியாத கேள்வி என்றால், “அந்தக் கோணத்தில் நான் சோதித்துப் பார்க்கவில்லை” என்று கடைசிச் சொல் வரை தெளிவாகச் சொல்லி முடியுங்கள்.

ஏழாம் நாள் முழு ஒத்திகை வேண்டாம். அரை மணி முன்னதாக அறைக்குப் போய், மைக், திரை, வெளிச்சம் மூன்றையும் சரிபாருங்கள். பிறகு கடைசி வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்து, நீங்கள் நிற்கப் போகும் இடத்தை அங்கிருந்து ஒருமுறை பாருங்கள். அங்கே உட்காரப் போகிறவருக்கு உங்கள் ஸ்லைடின் மிகச் சிறிய எழுத்து படிக்கத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் பெரிதாக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.